ஜெர்மன் காகிதத்தில் இறந்துபோன தம்பி

மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். மூன்று தரமும் மணி அடித்து ஓய்ந்தது. நாலாவது தரம் ஒரு பெண்குரல், "அவர் வேலைக்குப் போட்டார்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், "தங்கச்சி, என்ர தம்பிக்காக எங்க வேணுமெண்டாலும் வந்து சாட்சி சொல்லுவன்" என்று என்னிடம் அழுத மனிதரின் வீடு அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஜெர்மனியில் போய் இறங்கினேன்.

நான் லண்டனில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. அகதி வழக்குகளுக்கு வாக்குமூலம் எழுதுவது, சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது, பிடித்தவர்களை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. இந்த வழக்கு ஜெராட்டுடையது. மன்னார்க் கடற்கரை ஆள், நாற்பத்தைந்து வயது, தொழில் மீன்பிடி. போர் முடிகிற காலத்தில் அவரை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய், "உன் அண்ணன் இயக்கத்துக்குப் படகு ஓட்டினவன், இப்போது நீ ஓட்டுகிறாய்" என்று சொல்லி முதுகில் சிகரெட்டால் சுட்டிருக்கிறார்கள். தழும்பு இருக்கிறது என்று லண்டனில் அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அப்படி ஓர் அண்ணன் படகு ஓட்டினான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் தஞ்சக் கோரிக்கையை நிராகரித்தார்கள். செப்டெம்பரில் மேன்முறையீட்டு விசாரணை. தோற்றால் கொழும்புக்கு விமானம். படகை ஓட்டியது தான்தான் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், கெல்சென்கிர்ச்சனில் இருக்கிற அண்ணன் பெனடிக்ற். அவர்தான் தொலைபேசியை எடுக்கவில்லை.

பிரித்தானிய நீதி என்றால் வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு பயபக்தி உண்டு. உள்ளே இருந்து பார்த்த எனக்கு அது எப்போதோ போய்விட்டது. ஜெராட்டின் விசாரணை மூன்று தரம் தள்ளிப் போனது. முதல் தரம் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இரண்டாம் தரம் நீதிபதி இல்லை. மூன்றாம் தரம் கூரை ஒழுகி, விசாரணை அறைக்குள் வாளி வைத்திருந்தார்கள். சரி, பெனடிக்ற் ஜெர்மனியில் இருந்தபடியே வீடியோவில் சாட்சி சொல்லட்டும் என்றால், அதுவும் நினைத்தபடி முடியாது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் பிரித்தானியத் தீர்ப்பாயத்துக்கு வாயால் சாட்சி சொல்வதானால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன்னால் மேல் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கொவிட் காலத்தில் ஆளாளுக்குக் குசினியில் இருந்து சாட்சி சொன்ன கதை அதோடு சரி. நாங்கள் சம்மதம் கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. ஆகவே மனிதர் நேரே லண்டனுக்கு வந்து நிற்க வேண்டும்.

கெல்சென்கிர்ச்சனுக்குப் போகிற வழியில் டுயிஸ்பேர்க்கில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் நீளமாக ஏதோ சொன்னாள். எல்லோரும் பெருமூச்சு விட்டபடி எழுந்தார்கள். எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, ஓர் எழுத்தும் தெரியாது. பக்கத்தில் இருந்த துருக்கிப் பிள்ளை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "ரயில் இனிப் போகாதாம். பதிலுக்கு பஸ் விட்டிருக்கிறார்களாம். பஸ் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரியாதாம்." எனக்கு என் தீர்ப்பாயத்துக்கே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

பஸ்ஸைத் தேடுவதற்கு முன்னால், நிலையத்தில் முறுக்கிச் சுட்ட பாண் ஒன்று வாங்கினேன். மேலே கல்லுப்பு, நடுவே விரல் தடிப்பில் வெண்ணெய். விடியற்காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத வயிற்றுக்கு அது தேவாமிர்தம். வாங்குப் பலகையில் இருந்து தின்றபடி லண்டன் செய்திகளைப் பார்த்தேன். குற்ற வழக்குகள் மலைபோலக் குவிந்துவிட்டதால் பல வழக்குகளை ஜூரி இல்லாமலே விசாரிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். சிறைகளில் இடமில்லையென்று ஆட்களை முன்னதாகவே வெளியே விட்டதைப் பற்றி இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் தன் மனைவியிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். என்ன சொல்கிறார் என்று அந்தத் துருக்கிப் பிள்ளையிடம் கேட்டேன். "முந்தி இந்த நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்கிறார். அந்த அம்மா, நீ முந்தியும் இதைத்தான் சொன்னாய் என்கிறார்" என்றாள்.

பின்னேரம் மூன்று மணிபோல பெனடிக்ற் வீட்டு மணியை அடித்தேன். நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, படியெல்லாம் பொரித்த மிளகாய் வாசம். கதவைத் திறந்தது இருபத்தேழு வயது மதிக்கக்கூடிய பிள்ளை. வெளியே போகப் புறப்பட்டவள் போல, கையில் கார்த் திறப்பு.

"வணக்கம் அன்ரி, ஆரைத் தேடுறீங்கள்?"

"நான் லண்டனில இருந்து வாறன் பிள்ளை. சித்தப்பாவின்ர கேஸ் விசயமா அப்பாவைப் பாக்க வேணும்."

"எந்தச் சித்தப்பா?"

"ஜெராட் சித்தப்பா."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "நீங்கள் வீடு மாறி வந்திட்டியள் போல. எனக்கு ஒரே ஒரு சித்தப்பாதான். அவர் நான் பிறக்க முதலே செத்திட்டார்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். மாதா சுரூபம், அதன் கீழே மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மெழுகுதிரி வைக்கிற சிறு கண்ணாடிக் கிண்ணம். ஒரு கிழவர், ஒரு கிழவி, பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன். பெடியனின் இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. தூண்டில் கொக்கி கிழித்த காயம் அது. ஜெராட்டின் வாக்குமூலத்தில் மூன்றாவது பந்தியில் நானே எழுதியிருக்கிறேன்.

உள்ளேயிருந்து அகப்பையோடு தாய் வந்தாள். றீற்றா என்று பெயர். என் முகத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். "மெலனி, நீ போ, கடை பூட்டிப்போடுவாங்கள்" என்று மகளைத் துரத்தினாள். அவள் படி இறங்குகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்த வீட்டில ஜெராட் செத்த ஆள். அவரை வேலையிடத்தில போய்ப் பாருங்கோ. இஞ்ச ஒண்டும் கதையாதையுங்கோ."

கதவு மூடியது. டிராம் தரிப்பில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். விசரி, வாசலில் நின்றபடியே கேஸைப் பற்றி அவிழ்த்துவிடுவார்களா? அந்த நேரத்தில் மெலனி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கடைக்குப் போகவில்லை, கீழே நின்று பார்த்திருக்கிறாள்.

"அன்ரி, எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அவர் இருக்கிறாரா?"

வழக்கு இரகசியத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதை ஏற்கெனவே வாசல்படியில் கோட்டை விட்டாயிற்று. தொலைபேசியைத் திறந்து ஜெராட்டின் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"ஒன்பது வயசில நான்தான் சொன்னனான் அன்ரி" என்றாள். "குடியுரிமைக்கு அன்ராக் ஃபோம் குடுக்கப் போகேக்க. அப்பாவுக்கு டொச் ஏலாது, ஒஃபீசுகளில ரெர்மின் எண்டு நேரம் குடுத்துக் கூப்பிட்டா நான்தான் எல்லாத்துக்கும் கூடப் போய்க் கதைக்கிறனான். அந்த ஒஃபீஸ் மனுசி கேட்டவ, அப்பாவுக்குச் சகோதரங்கள் எத்தினை எண்டு. ஒரு தம்பி, அவரை ஆமி கொண்டிட்டுது எண்டு நான் சொன்னனான். அவ பாவம் எண்டு எனக்கு இனிப்புத் தந்தவ."

டிராம் வந்தது. நான் ஏறவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பெனடிக்ற் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் இருந்த வாங்கில் அவரைப் பிடித்தேன். மெலனியும் வருவேன் என்று நின்றாள், மறிக்க எனக்கு என்ன உரிமை? சின்ன உருவம், தலையில் கண்ணாடித்தாள் தொப்பி, கையில் பாத்திரம் கழுவிய சவர்க்கார வாசம். மகளைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் அந்த ஜெர்மன் பேப்பரைக் கேட்டியள். அதுக்குப் பிறகு என்னால போன் எடுக்க ஏலாமப் போச்சு."

கேட்டது உண்மை. அவர் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டபோது கொடுத்த விசாரணைப் பதிவைக் கேட்டிருந்தேன். அதில் படகைப் பற்றிச் சொல்லியிருப்பார், ஜெராட்டுக்கு நல்ல பலம் என்று ஒரு கணக்கு. கேட்டதோடு நின்றேனா? அந்தப் பதிவைச் சமர்ப்பிக்கப் போகிறோம் என்று தீர்ப்பாயத்துக்கும் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன். என் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

"அதில படகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்றார் பெனடிக்ற். "முகாமில கேஸ் எழுதுற ஆள் ஒருத்தன் இருந்தவன். எல்லாரும் அவனட்டத்தான் போறது. படகு ஓட்டினனான் எண்டு சொன்னா உன்னை இயக்கம் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், வாயைத் திறக்காத எண்டான். வீட்டில ஆர் செத்தது எண்டு கேட்டான். ஒருத்தரும் சாகேல்ல எண்டன். அப்ப ஆரையேன் சாகடி, செத்த ஆள் இல்லாமல் கேஸ் நிக்காது எண்டான்."

அவர் மகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார். "அம்மாவைச் சொல்ல மனம் வரேல்ல. அப்பாவையும் ஏலாது. தம்பி சின்னன். அவனுக்கு என்ன நடக்கப்போகுது எண்டு நினைச்சன்."

ஒரு தரம் எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகு கல்யாணம், பிள்ளை. பிள்ளை பள்ளிக்கூடத்தில், ஒஃபீசில் வாய் தவறிச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவளுக்கும் சித்தப்பாவைச் சாகடித்தார்கள். சுவரில் படம் ஏறியது. வருடா வருடம் இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரி ஏறியது. தம்பியோடு பேசுவதென்றால் இந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவாராம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. பாஸ்போட்டைப் பறித்து மூன்று பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் ஓடவில்லை.

"பறிக்க ஏலாது" என்றாள் மெலனி. அதுதான் அவள் அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை. அவளுக்கு எஸ்ஸனில் ஒரு வக்கீல் கந்தோரில் வேலை. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியும் அங்கேதான் செய்தவள். "பொய் சொல்லி எடுத்த குடியுரிமையெண்டாலும் பத்து வருசம் தாண்டினாத் திருப்பி எடுக்க ஏலாது. சட்டத்தில கிடக்கு. உங்களுக்குப் பதினெட்டு வருசம் ஆச்சு. ஒரு கேள்வி கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே அப்பா. நான் அதைத்தானே படிச்சனான்!"

"கேக்கிறதெண்டா எல்லாத்தையும் சொல்ல வேணுமே பிள்ளை."

உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தட்டுகள் குவிந்து கிடக்கின்றனவாம். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மெலனி அந்த வாங்கிலேயே இருந்து அழுதாள். நான் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து என் முதலாளியான சட்டத்தரணியிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயம். "பதிவு வரும் என்று நீதான் எழுதினாய். ஒன்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும்" என்றார்.

சனிக்கிழமை றீற்றா என்னைத் தானே வீட்டுக்குக் கூப்பிட்டாள். குழல் புட்டு, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அந்தச் சாப்பாட்டை வேறொரு நாளில் சாப்பிட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். மேசையில் கை கழுவிய ஈரம் காயும் முன்னே மெலனி அலுமாரியில் இருந்து தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஜெர்மனித் தமிழர் வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். முதல் நாள் முகாமில் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டில் இருந்து எல்லாவற்றையும் துளை போட்டு, வருட வாரியாகக் கோத்து வைத்திருப்பார்கள். லண்டன் ஆட்களாக இருந்தால் மூன்று வீடு மாறியதில் எப்போதோ தொலைத்திருப்பார்கள். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

"பேப்பர் துலைஞ்சு போச்சு எண்டு நான் எழுதலாம்" என்றேன். "முப்பது வருசத்துக்கு மேல. ஆரும் நம்புவினம்."

மெலனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொரு பொய்யோ அன்ரி?"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இருபது வருடமாக மற்றவர்களை உண்மை சொல்லுங்கள் என்று வெருட்டுகிறவள் நான். பேனாவை எடுத்தேன்.

அவள் அந்தப் பதிவைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தம்பிக்குப் பன்னிரண்டு வயது. வலை காயப்போட்ட இடத்தில் சுடப்பட்டான். பள்ளிக்கூட நீலக் காற்சட்டை போட்டிருந்தான். ஒரு செருப்பைக் காணவில்லை. கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கி வந்தோம். சுவாமியார் ஊரில் இல்லை, நாங்களே செபம் சொல்லிப் புதைத்தோம். மெலனியின் குரல் மெல்ல மெல்லக் குறைந்தது. றீற்றா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு நின்றாள்.

"இதெல்லாம் அந்த ஆள் எழுதிக் குடுத்ததோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லை. அது நடந்தது." பெனடிக்ற் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது றூபன். பக்கத்து வீட்டுப் பெடியன். நானும் சேர்ந்துதான் தூக்கினனான். செருப்பை நான்தான் தேடினனான். பேரை மட்டும் மாத்தினன். தாய்க்கு அவன் ஒரு பிள்ளைதான். பிறகு இடம்பெயர்ந்து ஆர் எங்க போனதெண்டு தெரியாது. நான் அவன்ர சாவை எடுத்து என்ர தம்பிக்குப் போட்டு இஞ்ச இருந்திட்டன்."

அடுப்பில் தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது. கொஞ்ச வருடங்களுக்கு முன்னால் ருவாண்டா பாதுகாப்பான நாடு இல்லை, அங்கே அகதிகளை அனுப்ப முடியாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அரசாங்கம் அது பாதுகாப்பான நாடுதான் என்று ஒரு சட்டமே போட்டது. நாங்கள் அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். காகிதத்தில் எழுதினால் உண்மையாகிவிடுமா என்று கேட்டோம். அன்றைக்கு அந்தக் குசினியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வாறன் தங்கச்சி" என்றார் பெனடிக்ற் கடைசியில். "எல்லாத்தையும் சொல்லுறன். முதல் வரியிலேயே நான் பொய் சொன்னனான் எண்டு எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். இருபத்தொரு பந்தி. தமிழில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தி, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். படகின் பெயர், எஞ்சின் எத்தனை குதிரைவலு, காயப்பட்டவர்களை எந்த மணல்திட்டில் இறக்கினது, எல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொன்னார். உண்மை சொல்லுகிற மனிதனை எனக்குக் கேட்டாலே தெரியும். அது என் பெருமை, என் பிழையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் நற்கருணை எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றுவிட்டார். கோயில் மண்டபத்தில் கோப்பியும் பிளம்ஸ் பழம் பதித்த கேக்கும் கொடுத்தார்கள். பேனா பிடித்த கையில் கேக்குத் தூள் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு பக்கத்திலும் அதன் எண்ணெய் அடையாளம். மெலனி அங்கே ஒரு மூலையில் நின்று லண்டனுக்கு வீடியோவில் எடுத்தாள்.

"சித்தப்பா, நான் மெலனி."

"எனக்கு உன்னைத் தெரியும் பிள்ளை" என்றார் ஜெராட். "நீ நடக்கத் தொடங்கின நாளில இருந்து அண்ணை படம் அனுப்பிறவர்."

"எனக்கு உங்களைத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்தாள். நாங்கள் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சுவருக்குப் போய்ப் பெடியனின் படத்தைக் கழற்றினாள். தான் பள்ளிக்கூடம் முடித்த நாள் படம், பெற்றோரின் கல்யாணப் படம் எல்லாம் இருக்கிற அலுமாரித் தட்டில் அதை வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது. அன்று பின்னேரம் நான் திரும்பினேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது.

செப்டெம்பரில் பெனடிக்ற் சொன்னபடி வந்தார். கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தார், தோளில் இறுக்கம். தீர்ப்பாயத்தின் காத்திருப்பு அறையில், பிஸ்கற் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் முப்பது வருடத்துக்கு மேல் கழித்து நேரில் கண்டார்கள். கட்டிப்பிடிக்கவில்லை. பெனடிக்ற் கையை நீட்டித் தம்பியின் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜெராட் சின்னப் பிள்ளை மாதிரிக் குனிந்து கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே அரசாங்கத் தரப்பு வக்கீல் படகைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டார். ஜெர்மன் காகிதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். செருப்பைத் தேடியது உண்மையா? உண்மை. கதவுப் பலகை உண்மையா? உண்மை. புதைத்தது உண்மையா? உண்மை. இறந்தது உங்கள் தம்பி என்பது? பொய். அப்படியானால் உண்மையும் பொய்யும் ஒன்றாகக் கலந்து சொல்ல உங்களுக்கு வருமோ? பெனடிக்ற் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் ஐயா, அண்டைக்கு வந்தது" என்றார்.

மூன்று கிழமையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கெட்ட மனிதர் இல்லை, நிதானமாக எழுதியிருந்தார். சாட்சி தானாக வந்து பொய்யை ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கதாம். ஆனால் தன் தம்பிக்கு நடக்காத ஒரு சாவை இத்தனை நுணுக்கமாக விவரித்து ஓர் அரசாங்கத்தை நம்ப வைத்தவர், படகையும் அப்படி விவரிக்கக்கூடியவர்தானாம். ஆகவே அவர் சாட்சியத்துக்கு அதிக பாரம் கொடுக்க முடியாதாம். மேன்முறையீடு தள்ளுபடி. அந்தப் பதிவை நான் கேட்டிருக்காவிட்டால், கேட்டதோடு நின்று கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஜெராட் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அண்ணையைக் கண்டிட்டன் அக்கா, அது காணும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். அவர் இரண்டு கிழமைக்கு ஒருதரம் செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறார். போகும்போது ஒரு பையில் உடுப்பும் மருந்தும் எடுத்துக்கொண்டு போகிறார். உள்ளே போனவர்களை அப்படியே பிடித்து வைத்த கதைகள் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் முதலாம் தேதி றீற்றா தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்தாள். மெலனி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவோடு கதைக்கிறாளாம், அப்பாவோடு இன்னும் சரியாகக் கதைக்கிறாளில்லையாம். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, உங்களட்ட ஒண்டு கேக்க வேணும். நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள். அவர் மூண்டு மெழுகுதிரி வாங்கச் சொன்னவர். மாமாவுக்கு, மாமிக்கு, மற்றது அந்த றூபனுக்கு. இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் கொளுத்தேல்லயாம். நான் கடையில நிண்டு எண்ணேக்க பழைய ஞாபகத்தில ஜெராட்டையும் சேத்து எண்ணி நாலு எடுத்திட்டன்."

"அதுக்கென்ன றீற்றா. மிஞ்சினதை எடுத்து வையும்."

"எடுத்து வைக்கவும் பயமாக் கிடக்கு அக்கா. எறியவும் பயமாக் கிடக்கு." அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மேல குடுத்ததுக்கு எப்ப பதில் வரும்?"

தெரியாது, மாதக்கணக்காகலாம் என்றேன்.